கசகசாவைவிடச் சின்ன ஓடு, 7 கோடி வருட வயசு: வானூர் களிமண்ணில் இருக்கும் கடல் உயிரிக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

விழுப்புரம் மாவட்டத்தில் ஃபாசில் என்றாலே எல்லாருக்கும் திருவக்கரைதான் ஞாபகம் வரும். வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே கல்மரப் பூங்காவையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள். பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னரா 18ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவிட்டார். இன்றைக்கு அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் இடம். மரம் பெரிசு, கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம்.

அதே வானூர் வட்டாரத்தில், கல்மரத்தைவிடப் பல மடங்கு பழைய உயிரிகள் களிமண்ணுக்குள் கிடக்கின்றன. அதைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வருவதில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். அதன் அளவே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

இந்தத் துக்கடா ஓட்டுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதை வைத்துத்தான் அந்த மண் எந்தக் காலத்து மண் என்று முடிவாகிறது. பெயர் தப்பானால் வயசு கோடிக்கணக்கில் தப்பும்.

திண்டிவனத்தில் இல்லை, வானூரில் இருக்கு. ஏன்?

செஞ்சி, திண்டிவனம், மயிலம் பக்கம் தரைக்கு மேலே தெரிவதெல்லாம் கிரானைட், சார்னோகைட் மாதிரியான கடினப் பாறை. வயசு சுமார் 250 கோடி வருடம். பூமியின் ஆழத்தில் உருகியும் வெந்தும் உருவான கல். இதில் உயிரியின் எச்சத்தைத் தேடுவது வீண்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்கே வர வர இந்தப் பாறை கீழே இறங்கிவிடும். அதன்மேல் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் என்று கடல் படிவங்கள் அடுக்கடுக்காக வரும். காவிரிப் படுகை என்று டெல்டா செய்திகளில் கேட்கிறோமே, அதன் வட ஓரம் இது. தஞ்சாவூருக்கு மட்டும் சொந்தமான பெயர் இல்லை.

இந்த அடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் நம்ம ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். வானூர் மணற்கல், ஒட்டை களிக்கல், வழுதாவூர், மேட்டுவெளி, கடப்பேரிக்குப்பம், மணவெளி. ஏதோ டவுன் பஸ் போர்டு மாதிரி இருக்கும். ஆனால் உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பெயர்கள்தான் ஓடுகின்றன.

வழுதாவூர் அடுக்கு படிந்த காலத்தில் இங்கே கடல். இந்தியா ஆசியாவோடு ஒட்டவே இல்லை; பூமத்திய ரேகைக்குத் தெற்கே தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. டைனோசர்கள் உயிரோடு இருந்த கடைசிக் காலம். கிரெட்டேசியஸ் காலத்தின் கடைக்கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடலில் மிதந்தது யார்?

மிதவை உயிரிகள், அதாவது பிளாங்டன். நீச்சலடிக்கத் தெம்பு இல்லாமல், நீரோட்டம் இழுத்த பக்கம் போகிற உயிர்கள். அதில் ஒரு கூட்டத்துக்குப் பெயர் ஃபோராமினிஃபெரா. உடம்பு முழுக்க ஒரே ஒரு செல்தான். அந்த ஒற்றைச் செல், கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளும். வளர வளர அறைக்கு மேல் அறையாகச் சேர்த்துக்கொண்டே போகும். செத்ததும் ஓடு அடியில் விழும். கோடிக்கணக்கான ஓடுகள் விழுந்து விழுந்து சேறாகும்.

இப்போதும் வங்காள விரிகுடாவில் இந்த இனங்கள் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. அரபிக்கடலில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்றொரு இனம் தென்மேற்குப் பருவக்காற்று சமயத்தில் ஏராளமாகப் பெருகும். காற்று மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து சத்தான குளிர்ந்த நீர் மேலே வரும்; அதைச் சாப்பிட்டுப் பெருகும். கடலடிச் சேற்றில் இந்த ஓடு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி, ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்னால் பருவக்காற்று எவ்வளவு பலமாக வீசியது என்றே கணிக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஃபோராமினிஃபெரா என்று 1826ல் பெயர் வைத்தவர் பிரான்ஸின் அல்சீட் டொர்பின்யி. சங்கு மாதிரி சுருண்டு இருந்ததால், கணவாய், ஆக்டோபஸ் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டார். 1835ல் ஃபெலிக்ஸ் துஜார்தின் உயிருள்ளவற்றைப் பார்த்து, அப்படியெல்லாம் இல்லை, இது ரொம்ப எளிய உயிர் என்று சொன்னார். முதல் வகைப்பாடே இப்படித்தான் ஆரம்பித்தது.

மண்ணிலிருந்து ஓட்டை எப்படி எடுக்கிறார்கள்?

ஆய்வகத்தில் நடப்பது பாதி சமையல்கட்டு வேலை. கைப்பிடி களிமண்ணை உலர்த்தி, உடைத்து, தண்ணீரில் ஊறவைப்பார்கள். கரையாமல் அடம்பிடித்தால் சலவைச் சோடாவோ ஹைட்ரஜன் பெராக்சைடோ சேர்ப்பார்கள். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் குழாய்த் தண்ணீர் விட்டு அலசுவார்கள். நம்ம தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணுள்ள சல்லடை என்று சொல்லலாம். சேறெல்லாம் போய்விடும், மணலும் ஓடுகளும் மிஞ்சும்.

காயவைத்து, கருப்புத் தட்டில் தூவி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைப்பார்கள். மிக மெல்லிய தூரிகை நுனியை ஈரமாக்கி, ஒவ்வொரு ஓடாக ஒற்றி எடுப்பார்கள். கட்டம் போட்ட அட்டையில், கோந்து தடவிய பரப்பில் ஒட்டுவார்கள். ஒரு மாதிரிக்கு இப்படி 300 ஓடு பொறுக்குவதெல்லாம் சாதாரணம். பலத்த தும்மல் ஒன்று வந்தால் ஒரு நாள் உழைப்பு காலி.

ஒரு அடுக்கு மண்ணை அலசி முடித்த சல்லடையில் ஒரு ஓடு சிக்கியிருந்தாலும் ஆபத்துதான். அடுத்த மாதிரிக்குள் அது போய்விட்டால், இல்லாத உயிரி இருப்பதாக ஆகிவிடும். அதனால் சில ஆய்வகங்களில் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். பழைய ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, எந்த இனம்னு எப்படிச் சொல்றது?

இங்கேதான் விஷயமே இருக்கு.

ஓட்டை மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் சுருள் தெரியும். கீழ்ப்பக்கம் நடுவில் குழி தெரியும், அதைத் தொப்புள் என்பார்கள். அப்புறம் விளிம்புப் பக்கம். ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது, ஆளின் முதுகைப் பார்த்துப் பெயர் சொல்வது மாதிரி.

முதலில் மொத்த வடிவம். ஹெட்டரோஹெலிக்ஸ் வகையின் அறைகள் இரண்டு வரிசையாக மாறி மாறி வரும், பின்னல் சடை மாதிரி. கெம்பெலிட்ரியாவில் மூன்று வரிசை. குளோபோட்ரங்கானா வகை நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். கான்டுசோட்ரங்கானா கான்டுசா உயரமாக, கூம்பு மாதிரி எழும்பி நிற்கும்.

அடுத்து விளிம்பு. விளிம்பில் மணிமணியாகக் கரை கட்டியிருக்கும். அது ஒற்றைக் கரையா, இரட்டைக் கரையா? இரட்டை என்றால் குளோபோட்ரங்கானா பக்கம், ஒற்றை என்றால் குளோபோட்ரங்கனிட்டா பக்கம். பெயரில் ஒரு 'னிட்டா'தான் வித்தியாசம், ஆனால் வேறு பேரினம். கடைசிச் சுற்றில் எத்தனை அறை, வாய் எங்கே திறக்கிறது, தொப்புளை மூடும் தட்டு இருக்கிறதா, சுவரில் துளை எப்படி என்று பட்டியல் நீளும்.

இவ்வளவு பார்த்தாலும் ஏமாறலாம். அதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு.

அசல் லின்னேயானா, போலி லின்னேயானா

1839ல் டொர்பின்யி, கியூபா கடற்கரை மணலில் கிடைத்த ஓர் ஓட்டுக்கு, வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸ் நினைவாக லின்னேயானா என்று பெயர் வைத்தார். கடற்கரை மணலில் கிடைத்ததால் இக்காலத்து உயிரி என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது கிரெட்டேசியஸ் கால ஓடு. பழைய பாறை அரிக்கப்பட்டு, ஓடு உதிர்ந்து, இன்றைய மணலோடு கலந்திருந்தது. பழைய சாமான் புது வீட்டுக்குக் குடிவந்த கதை. இன்று அதன் பெயர் குளோபோட்ரங்கானா லின்னேயானா.

ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, 'இதுதான் அது' என்று ஒரு குறிப்பிட்ட மாதிரியைக் காட்டி அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கம். அதற்கு மூலமாதிரி என்று பெயர். சந்தேகம் வந்தால் போய் அதோடு ஒப்பிட வேண்டும். லின்னேயானாவுக்கு அப்படி ஒப்பிட மூல ஓடு இல்லாத நிலை. கடைசியில் 1956ல் பிரோனிமன், பிரவுன் என்ற இருவர் புதிதாக ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். நூற்றுப் பதினேழு வருடம் கழித்து!

(தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. மூல ஏடு தொலைந்துபோய், இருக்கும் சுவடிகளை வைத்துப் பாடம் தீர்மானிக்கிறோமே, அதே வேலைதான்.)

1967ல் அமெரிக்காவின் எமில் பெசாக்னோ இன்னொரு இனத்தைப் பிரித்து எடுத்தார். பார்த்தால் அச்சு அசல் லின்னேயானா. அதே மாத்திரை டப்பா வடிவம், அதே இரட்டைக் கரை. ஆனால் கீழ்ப்பக்கத்தில் வாய் திறக்கும் இடமும் தொப்புளை மூடும் அமைப்பும் வேறு. அதனால் அது வேறு பேரினத்தில், மார்ஜினோட்ரங்கானா சூடோலின்னேயானா ஆனது. 'சூடோ' என்றால் போலி. பெயரிலேயே எச்சரிக்கை.

இதனால் என்ன வந்தது? வயசு. போலி லின்னேயானா சுமார் 9 கோடி வருடத்துக்கு முன் தோன்றி, 8 கோடி வருடக் கோட்டுக்கு வருவதற்குள் அழிந்துவிட்டது. அசல் லின்னேயானா கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டம் வரை நீடித்தது. ஒரு களிமண் மாதிரியில் அசலைப் போலி என்று எழுதிவிட்டால், அந்த மண்ணை ஒரு கோடி வருடத்துக்கு மேல் பழசாக்கிவிட்டோம் என்று அர்த்தம். அதுவும் தொப்புளில் கொஞ்சம் சேறு அடைத்திருந்ததைச் சுத்தம் செய்யாமல் விட்டதால்.

உயிரோடு இருக்கும் இனங்களில் சந்தேகம் வந்தால் மரபணுவைப் பார்க்கலாம். இதே ஃபோராமினிஃபெராவில் இடப்பக்கம் சுருண்டதும் வலப்பக்கம் சுருண்டதும் ஒரே இனம், குளிர்நீரில் இடம், இளஞ்சூட்டில் வலம் என்று ரொம்ப நாள் நம்பிய ஒன்று உண்டு. மரபணுவைப் பார்த்ததும் இரண்டும் தனித்தனி இனம் என்று தெரிந்தது. 7 கோடி வருட ஓட்டில் மரபணு ஏது? வடிவம் ஒன்றுதான் சாட்சி. அதனால் இனத்தின் பெயர் என்பது ஓட்டில் எழுதி ஒட்டியிருக்கும் விஷயம் இல்லை. பழகிய ஒரு கண் எடுக்கும் முடிவு. நல்ல ஆய்வாளர்கள் அதனால்தான் பெயரோடு நிறுத்தாமல், மூன்று பக்கப் படத்தையும் அச்சிடுகிறார்கள். நாளைக்கு வேறொருவர் பார்த்து மறுக்க வழி இருக்க வேண்டும் இல்லையா?

நம்ம ஊர் மண்ணுக்கே இப்படி வயசு மாறியிருக்கு

1840களில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் போன்ற ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சிப்பி, அம்மோனைட் ஃபாசில்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் அவற்றை விவரித்தார். மனிதருக்கு ரசனை உண்டு. அம்மோனைட் இனங்களுக்கு இந்திரா, வருணா, சூர்யா, பிரம்மா என்றெல்லாம் சாமி பெயர் வைத்தார். அந்த இந்திரா தேவேந்திரன், அரசியல் இந்திரா இல்லை.

பெயரெல்லாம் நிலைத்தது, வயசு நிலைக்கவில்லை. புதுச்சேரி பக்கத்து அடுக்கு மூன்றிலும் பழசு, கிரெட்டேசியஸின் தொடக்கக் காலம் என்று ஃபோர்ப்ஸ் நினைத்தார். ஃபோராமினிஃபெராவுக்குப் பெயர் வைத்த அதே டொர்பின்யி புதுச்சேரி ஃபாசில்களையும் பார்த்தவர். அவர் இதை மேல் கிரெட்டேசியஸ் என்றார். 1890களில் வார்த் என்பவர் இங்கே மறுபடி சேகரித்தார், வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் ஆராய்ந்தார். டொர்பின்யி பக்கம்தான் தராசு சாய்ந்தது. வழுதாவூர் அடுக்கு கிரெட்டேசியஸின் முடிவுக்குப் பக்கத்தில், சுமார் 7 கோடி வருடம். ஃபோர்ப்ஸ் கணக்குக்கும் இதற்கும் ஏறக்குறைய 6 கோடி வருடம் வித்தியாசம்.

இதெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கிற அளவு ஃபாசிலிலேயே நடந்த குழப்பம். 20ஆம் நூற்றாண்டில் மைக்ரோஸ்கோப்பு வேலை சூடுபிடித்த பிறகுதான் அடுக்குக்கு அடுக்கு நுட்பமாகப் பிரிக்க முடிந்தது. 1965ல் என். ராஜகோபாலன், புதுச்சேரி பகுதியின் மேல் கிரெட்டேசியஸ் முதல் அதற்கடுத்த காலம் வரையிலான அடுக்கு வரிசையை இந்தியப் புவியியல் சங்க இதழில் எழுதினார். இங்கே மலைச்சரிவு மாதிரி பாறை வெளியே தெரியாது. கிணறு வெட்டிய மண், ஓடைக் கரை என்று கிடைத்த இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

6.6 கோடி வருடத்துக்கு முன் என்ன ஆச்சு?

விண்கல் விழுந்து டைனோசர் அழிந்த கதை தெரியும். அந்தக் கதை எழுதப்பட்ட தாளே இந்த ஓடுகள்தான்.

இத்தாலியின் குபியோ ஊரில் சுண்ணாம்புப் பாறையை ஆராய்ந்த லுட்டர்பாக்கர், இசபெல்லா பிரெமோலி சில்வா இருவரும் 1964ல் ஒரு விஷயத்தை எழுதினார்கள். பெரிய, கரை கட்டிய, அலங்காரமான குளோபோட்ரங்கானா கூட்டம் ஓர் இடத்தோடு சட்டென்று நின்றுபோகிறது. அதற்கு மேலே மிகச் சின்ன, வெறும் உருண்டை அறைகள் கொண்ட ஓடுகள் மட்டும் வருகின்றன. அதில் ஒன்றுக்கு ஊரின் பழைய பெயரை வைத்து யூகுபினா என்று பெயரிட்டார்கள். இப்போது முழுப்பெயர் பார்வுலாருகோகுளோபிஜெரினா யூகுபினா. உயிரி 0.1 மில்லிமீட்டர், பெயர் ஒரு முழம்.

அதே குபியோவில், இரண்டு அடுக்குக்கும் நடுவில் இருந்த மெல்லிய களிமண்ணில்தான் இரிடியம் அதிகம் இருப்பதைக் கண்டு, 1980ல் அல்வரெஸ் குழு விண்கல் மோதல் கருத்தை வெளியிட்டது.

இந்தியாவில் இந்த யூகுபினா வேறொரு வழக்கில் சாட்சி சொன்னது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். அந்தக் குழம்பு கிழக்கே ஆந்திராவின் ராஜமகேந்திரவரம் வரை போயிருக்கிறது. அங்கே குவாரியில் இரண்டு குழம்பு அடுக்குக்கு நடுவே கடல் படிவம் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2008ல் கெர்டா கெல்லர் தலைமையிலான குழு, சுனில் பாஜ்பாயும் அதில் ஒருவர், அந்தப் படிவத்தில் பேரழிவுக்கு உடனடிப் பிந்தைய கால ஓடுகள் இருப்பதைக் காட்டியது. அப்படியானால் அடியில் உள்ள குழம்பு பேரழிவை ஒட்டி முடிந்தது. எரிமலைக்கும் அழிவுக்கும் என்ன தொடர்பு என்ற விவாதம் அதன்பின் இன்னும் சூடானது. குழம்புப் பாறையில் ஃபாசில் கிடையாது. நடுவில் சிக்கிய சேறுதான் தேதி சொன்னது.

நம்ம பக்கமும் மேட்டுவெளி அடுக்கு கிரெட்டேசியஸ், அதற்கு மேலே வரும் கடப்பேரிக்குப்பம் அடுக்கு பேரழிவுக்குப் பிந்தைய பேலியோசீன். இரண்டு ஊருக்கும் நடுவே டூவீலரில் போய்விடலாம். காலக்கணக்கில் ஓர் உலகம் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கும் தூரம் அது.

எண்ணெய்க்காரர்களுக்கு இது எதற்கு?

நரிமணம் உள்ளிட்ட காவிரிப் படுகை வயல்களில் ஓஎன்ஜிசி துளையிடும்போது, ஆழத்திலிருந்து பாறைத் துணுக்குகள் சேற்றோடு மேலே வரும். துளைக்கருவி பெரிய சிப்பியை நொறுக்கிவிடும். அரை மில்லிமீட்டர் ஓடு தப்பித்து வரும். அதைப் பார்த்துத்தான் துளை எந்தக் கால அடுக்கில் இறங்கியிருக்கிறது என்று சொல்கிறார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். துளையின் சுவரிலிருந்து மேல் அடுக்கு மண் சரிந்து, கீழ் மண்ணோடு கலந்துவிடும். அதனால் ஓர் இனம் எந்த ஆழத்தோடு நின்றது என்று பார்க்க மாட்டார்கள். மேலிருந்து இறங்கும்போது முதன்முதலாக எங்கே தலைகாட்டியது என்று பார்ப்பார்கள். அந்த இனம் உலகில் கடைசியாக வாழ்ந்த காலம் அதுதான். கியூபா மணலில் டொர்பின்யியை ஏமாற்றிய அதே கலப்பு, இங்கே தலைகீழாக வருகிறது.

வேலி இல்லாத ஃபாசில்

திருவக்கரை கல்மரத்துக்கு வேலி இருக்கு, போர்டு இருக்கு. வானூர் பக்கத்துக் களிமண்ணுக்கு இரண்டும் கிடையாது. செம்மண் குவாரி, வீட்டு மனை, மூடப்பட்ட கிணறு என்று நிலம் மாறிக்கொண்டே இருக்கும்போது பார்க்கக் கிடைக்கும் இடம் குறைகிறது. புவிப் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் பாதுகாக்க ஒரு சட்ட வரைவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அதில் பெரிய ஃபாசில் இடங்களை மனதில் கற்பனை செய்வது எளிது. சேற்றுக்குள் இருக்கும் அரை மில்லிமீட்டரை எப்படி வேலி போடுவது என்பது வேறு கேள்வி.

உங்கள் ஊரில் கிணறு தோண்டும்போது சிப்பி, நத்தை ஓடு கலந்த சாம்பல் நிறக் களி வந்தால், அழகான சிப்பியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். மண்தான் முக்கியம். ஒரு கிலோ மண்ணைச் சுத்தமான பையில் கட்டி, ஊர், சர்வே எண், எத்தனையாவது அடியில் வந்தது என்று எழுதி உள்ளே போடுங்கள். காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை பக்கத்திலேயே இருக்கு. எத்தனையாவது அடி என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாமல் கொண்டுபோனால், லின்னேயானாவே கிடைத்தாலும் எந்த அடுக்கில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.